பொடக்காளியில் கோழியும் காயும், நடுவில் ஒரு குப்பைக்குழி

திருப்பூரில் காங்கயம் சாலைப் பக்கம் 4 சென்ட் இடத்தில் எங்கள் வீடு. கட்டடம் போக, பொடக்காளியில், அதாவது வீட்டுக் கொல்லையில், 12 அடிக்கு 25 அடி வெறும் மண் கிடந்தது. எனக்குக் காய் போட ஆசை. வீட்டுக்காரருக்குக் கோழி வளர்க்க ஆசை. அவர் ஊதியூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் பிறந்து வளர்ந்தவர். சேவல் கூவாத ஊரில் பொழுது விடிந்த மாதிரியே இல்லை என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தோம். ஆடி 18க்கு நான் நட்ட கத்தரி நாற்றில் ஒன்றுகூட ஆவணியைப் பார்க்கவில்லை. கோழிகள் தின்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். தின்னவும் இல்லை, வேரடியில் புழு இருக்கிறதா என்று கிளறிப் பார்த்துவிட்டுப் போயிருந்தன. "மாமா, உங்க கோழியா என் நாத்தா, ஒண்ணைச் சொல்லுங்க" என்று நான் கேட்க, "மண்ணைக் கொத்தாத கோழி எங்கிருக்குது அம்மிணி?" என்றார். அதுவும் நியாயம்தான்.

புதிதாகத் தொடங்கும் ஜோடிக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் குப்பைக்குழி, மூன்று மாதம் கழித்துப் பாத்தி, எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபின் கோழி. கோழிக்கும் பாத்திக்கும் நேரடிப் பேச்சுவார்த்தையே கூடாது. குப்பைக்குழிதான் தரகர். கோழி போடுவது குழிக்குப் போக வேண்டும், குழியில் மக்கியது பாத்திக்கு வர வேண்டும், பாத்தியில் கழித்த இலையும் சொத்தைக் காயும் கோழிக்குப் போக வேண்டும். இடையில் வேலி இருக்க வேண்டும்.

குழி என்று சொன்னாலும் நாங்கள் தோண்டவில்லை. ஹாலோ பிளாக் கல்லைச் சிமென்ட் இல்லாமல் அடுக்கி, மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டி. ஒன்று நிறையும்போது மற்றொன்று மக்கிக்கொண்டிருக்கும். கோழிக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு, தென்னை நார்க்கழிவு, கிழித்த அட்டைப்பெட்டி என்று உலர்ந்தது இரண்டு மூன்று பங்கு போட வேண்டும். பனியன் ஊரில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை, பிளாஸ்டிக் டேப்பை மட்டும் உரித்துவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ தண்ணீர் வரலாம், ஒழுகினால் ஈரம் அதிகம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கிளறி விட வேண்டும். நடுவில் கடப்பாறையைச் செருகிக் கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது.

பச்சைக் கோழி எருவை அப்படியே செடிக்குப் போடாதீர்கள். மாட்டுச் சாணத்தைவிடத் தழைச்சத்து அதிகம். அது அம்மோனியாவாக மாறி வேரைக் கருக்கிவிடும். மூன்று மாதம் பொறுக்க வேண்டும், மண்வாசம் வந்தபிறகுதான் எடுக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். போர்த் தண்ணீர் உப்பு. சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போன விஷயம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வாங்கி எங்கள் போர்த் தண்ணீரில் விட்டேன், 2,000க்கு மேல் காட்டியது. மாற்று வழி இல்லாத இடத்தில் குடிக்க அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். கோழி எருவிலும் உப்பு உண்டு, கழுவாத நார்க்கழிவிலும் உண்டு. மூன்றும் சேர்ந்தால் பீன்ஸ் இலை ஓரம் தீய்ந்தது போல ஆகிவிடும். நான் முதல் வருடம் அதைப் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன்!

இப்போது நார்க்கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை ஊறவைத்து வடித்த பிறகுதான் சேர்க்கிறேன். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் ஒரு டிரம் பிடித்து வைத்து, போர்த் தண்ணீரோடு சரிபாதி கலந்து ஊற்றுகிறேன். அரிசி களைந்த தண்ணீர் நாற்றுகளுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியை மூடாமல் நனைய விட்டால் சேர்ந்த உப்பு கீழே இறங்கும். பயிரையும் தண்ணீருக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். பீன்ஸ், கேரட், வெங்காயம் உப்பைத் தாங்காது. பீட்ரூட், பாலக்கீரை, கொத்தவரை ஓரளவு தாங்கும். சின்ன வெங்காயம் இல்லாமல் ஒரு பொடக்காளியா என்று மாமியார் கேட்டதால் அதற்கு மட்டும் இரண்டு செடித்தொட்டி, சுத்தமாக ஆற்றுத் தண்ணீர்.

பாத்தி மூன்றடி அகலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைத்தால் மண் இறுகும். செம்மண், கழுவிய நார்க்கழிவு, மக்கிய குப்பை மூன்றும் சமமாகக் கலந்தோம். முதலில் கீரை விதையுங்கள், 25 நாளில் கையில் வந்துவிடும். அந்தச் சந்தோஷம் இல்லாவிட்டால் இரண்டாவது மாதமே மண்வெட்டி மூலைக்குப் போய்விடும். வெண்டை நேரடி விதைப்பு, 45 நாளில் காய். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் நாற்று விட்டு நட வேண்டியவை. அவரையும் பீர்க்கனும் பந்தலில். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக எப்படி வரும் என்று தெரியுமல்லவா, பந்தல் காலை இரண்டடி ஆழத்துக்குக் குறையாமல் நடுங்கள். அரசாணிக்கொடியை (பரங்கிக்கொடியை) மட்டும் குப்பைத்தொட்டி ஓரத்தில் விட்டுவிடுங்கள். அதை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, அதுவே சுவர் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் காய்க்கும்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஞ்சகவ்யம், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. பயிருக்கு ஏற்ற மாதிரி அதன் செய்முறையை வகுத்துப் பரப்பியவர் நம் கொடுமுடி டாக்டர் நடராஜன். வீட்டில் தயாரித்தால் வாசம் தெருமுனை வரை போகும். ஆறேழு பாத்திக்கு வாங்கிக்கொள்வதே நல்லது.

சரி, கோழிக்கு வருவோம்.

எங்கள் முதல் குஞ்சுகள், சொல்லவே வெட்கம், தெருவில் கூடையில் வந்த ரோஸ் கலர், பச்சைக் கலர் குஞ்சுகள். பையன் அழுதான், வாங்கினோம். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்காகப் பொரித்து, சேவல் என்று கழித்துவிட்ட குஞ்சுகள். பிழைத்தாலும் முட்டை ஏது? அடுத்து ஒரு சந்தையில் ஆறு நாட்டுக்கோழி வாங்கினோம். நாற்றைக் கிளறியது அந்தக் கூட்டம்தான். மாசி மாதம் ஒன்று தலை தொங்கி நின்றது, எச்சம் வெள்ளையும் பச்சையுமாக. மறுநாள் இரண்டு. கழுத்து முறுக்கிக்கொண்டது ஒன்றுக்கு. ஐந்தே நாளில் கூடு காலி. மாமியாருக்குப் போன் போட்டால் முதல் கேள்வியே, "ஏன் கண்ணு, சொட்டு மருந்து ஊத்துனீங்களா?"

ஊற்றவில்லை. அது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கேட் என்றும் சொல்வார்கள். வந்துவிட்டால் குணமாக்கும் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பதுதான் வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி ஒன்று, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. மருந்துப் புட்டி சிறியதே நூறு கோழிக்கு வரும். ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆறு கோழிக்காரர் தனியாக வாங்கி என்ன செய்வது? அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களோடு நாள் பேசிச் சேர்ந்து வாங்குங்கள், இல்லையென்றால் அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் கழிச்சலுக்கு இலவச முகாம் போடும், தேதியை விசாரித்து வையுங்கள். வெயில் ஏறுமுன் அந்த ஊசி விழுந்தால் நல்லது. செத்த கோழியை வீசாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். கூட்டைக் கழுவி வெள்ளையடித்து இரண்டு மாதம் சும்மா விட்டோம். அதற்கப்புறம்தான் அடுத்த கூட்டம்.

இந்தத் தடவை குஞ்சு வாங்கவில்லை. ஊசி போட்ட, நாலு மாத வெடக்கோழி (இளம் பெட்டைக்கோழி) ஆறு, சின்ன உடம்பு நாட்டுக்கோழியான சிறுவிடை. பெருவிடை பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் சின்ன இடத்துக்குச் சிறுவிடைதான் லாயக்கு, அடையும் நன்றாக உட்காரும். முட்டைக் கணக்கை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நாமக்கல் பண்ணைக்கோழி வருடத்துக்கு 300க்கு மேல் இடும். சிறுவிடை 60, 70தான். ஆறு கோழிக்கு, சராசரி பார்த்தால், தினம் ஒரு முட்டையும் கொஞ்சமும். முட்டைக்காரம்மா ஆகிவிடலாம் என்ற கனவோடு இதில் இறங்காதீர்கள்.

கூடு நாலடிக்கு ஆறடி, தரையிலிருந்து இரண்டடி உயரக் கால். மேற்குப் பக்கம் முழுக்கப் பலகை, காற்றும் சாரலும் அங்கிருந்துதான் வரும். கிழக்கு திறப்பு. வலைக்கு அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை போதாது, அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், கீரிப்பிள்ளை உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண் வைத்த வெல்டு மெஷ் போடுங்கள். காசு கொஞ்சம் கூட ஆகும், மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். உட்காரக் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடித்த வேப்பங்கொம்பு, குறுக்கே இரண்டு. முட்டையிட இருட்டு மூலையில் வைக்கோல் போட்ட கூடை இரண்டு போதும், ஆறுக்கும் ஒரே கூடைதான் பிடிக்கும், வரிசையில் நின்று சண்டை போடும். அடியில் கடலைப்பொட்டு (நிலக்கடலைத் தொலி) மூன்று அங்குலம் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறி, நனைந்ததை மட்டும் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுவேன். மூக்கைச் சுளிக்கும் வாடை வந்தால் எங்கேயோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் தண்ணீர்ச் சட்டி சாய்ந்திருக்கும்.

பகலில் குப்பைத்தொட்டி ஓரமாக வலை கட்டிய சின்ன முற்றத்தில் உலாவும். பொழுதோடு தானாகவே கூட்டுக்குள் ஏறிவிடும், கதவைச் சாத்துவது மட்டும் நம் வேலை. தீனி ஒரு கோழிக்கு 80 கிராம் என்றால் ஆறுக்கும் அரைக் கிலோ. பாதிக்குக் கம்பு, மக்காச்சோளக் குருணை, தவிடு, கொஞ்சம் கடலைப்புண்ணாக்கு. மீதி கீரைத்தண்டும் பழைய சோறும். முட்டையிடும் கோழிக்கு நொறுக்கிய கிளிஞ்சல் தனிக் கிண்ணத்தில். வாரம் ஒரு நாள் விருந்து: பழைய பானைக்குள் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் எடுத்து முற்றத்தில் கொட்டினால் அங்கே நடப்பதைப் பார்க்க எங்கள் வீட்டில் நாலு பேரும் காபியோடு வந்துவிடுவோம். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

சித்திரை வெயிலில் கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இரைக்கும். மண்சட்டியில் தண்ணீர், கூட்டின் மேல் நனைத்த சாக்கு, மதியத்தில் தொந்தரவு செய்யாமல் விடுவது. முட்டை குறையும். குறையட்டும்.

சேவல் வேண்டுமா என்பதில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. முட்டையிடச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். ஒன்றை வைத்தோம். அது விடியற்காலை மூன்றரைக்கே ஆரம்பித்தது. எதிர்வீட்டு அண்ணன் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருப்பார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் கண் சிவந்து வாசலில் நின்று, "கோழி நல்லா இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே சேவல் ஊதியூர் போய்விட்டது.

குஞ்சு வேண்டும்போது மாமியார் தோட்டத்திலிருந்து கருவுள்ள முட்டை வாங்கி வந்து, அடைக்கு உட்காரக் கேறுகிற கோழியை அடை வைக்கிறோம். சிறுவிடைக்கு ஒன்பதிலிருந்து பதினொரு முட்டை அளவு. மாமியார் ஒற்றைப்படையில்தான் வைக்கச் சொல்வார், கூடைக்குள் இடிக்கு இரும்புத்துண்டும் ஒரு கரித்துண்டும் போடச் சொல்வார், போடுகிறேன். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் பார்த்து நரம்பு ஓடாததை எடுத்துவிட வேண்டும். 21ஆம் நாள் பொரியும். கடைசியாக வைத்த பதினொன்றில் ஒன்பது வந்தது. ஒரு மாதம் வரை தாயோடு கொடாப்பில்தான் (கவிழ்த்து மூடும் கூடை), காக்காய்க்கு அவ்வளவு குறி.

ஊருக்குப் போகும் நாட்களுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும், இதை ஆரம்பத்திலேயே பேசி வையுங்கள். எங்கள் சாவி அரசாணிக்கொடி போகிற வீட்டு அக்காவிடம் இருக்கும். கதவு திறப்பது, தண்ணீர் வைப்பது, பொழுதோடு சாத்துவது அவர் வேலை. அந்த நாட்களின் முட்டையும் கீரையும் அவருடையது. போன பொங்கலுக்கு மூன்று நாள் போய்விட்டு வந்து கேட்டேன், "எத்தனை முட்டைங்க அக்கா வந்துச்சு?" "ரெண்டுதானுங்க" என்றார். அவர் வீட்டுக் குப்பைக்கூடையில் நாலு ஓடு கிடந்தது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அரசாணிக்காயைப் பற்றி அவரும் இதுவரை பேச்செடுத்ததில்லை.