பேச வராத குழந்தைக்கு நாலு பட்டன் பேசும் பாக்ஸ்: முதல் தடவை செய்யற காலேஜ் பசங்களுக்கு

ப்ராஜெக்ட் தலைப்புல "ஊமைக் குழந்தைகளுக்கான கருவி"ன்னு எழுதியிருந்தா முதல்ல அத அடிச்சிடுங்க. செரிப்ரல் பால்ஸி (மூளை பாதிப்பால உடம்பு அசைவு கட்டுப்பாட்டுல இல்லாத நிலை) இருக்கற நிறைய குழந்தைங்களுக்கு காது நல்லா கேக்கும், நாம பேசறதும் புரியும், வாய், நாக்கு தசைங்க சொன்ன பேச்சு கேக்காது, அதனாலதான் பேச்சு வெளிய வரல. அவங்களுக்கு பட்டன அமுக்கினா பேசற ஒரு பாக்ஸ் எப்படி செய்யறதுன்னுதான் இந்த பதிவு.

நாங்க செஞ்ச முதல் பாக்ஸ்ல எட்டு பட்டன், எட்டும் சாப்பாட்டு ஐட்டம். ஏழு வயசு பொண்ணு ஒண்ணு பிஸ்கட் பட்டன அமுக்கினா, குடுத்தோம், முகத்த திருப்பிக்கிட்டா, மறுபடி அமுக்கினா, மறுபடி குடுத்தோம், அழ ஆரம்பிச்சிட்டா. டீச்சர் வந்து, "அவ போதும்னு சொல்லணும்னா உங்க பாக்ஸ்ல எத அமுக்குவாப்பா?"ன்னு கேட்டாங்க. எங்ககிட்ட பதில் இல்ல. கீழ இருக்கற எல்லா ஸ்டெப்பும் அந்த கேள்விக்கு அப்புறம் மாத்தினது.

ஸ்டெப் 1: போய் உக்காந்து பாருங்க

சால்டரிங் அயர்ன தொடறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் குழந்தை கூட இருங்க. எந்த கை நல்லா நீளுது, விரலா முழு உள்ளங்கையா, கை நடுங்குதா, எச்சில் வடியுதா, வீல்சேர்ல ட்ரே இருக்கா, வேண்டாம்ங்கறத இப்போ எப்படி காட்டுறா, இதெல்லாம் நோட்ல எழுதிக்கோங்க. ஸ்பீச் தெரபிஸ்ட கேக்காம எதையும் முடிவு பண்ணாதீங்க. சென்னைல அஜித் நாராயணன் டீம் செஞ்ச, பேச வராதவங்களுக்காக பேசற ஆவாஸ் கருவி கூட வித்யா சாகர் மாதிரி சிறப்புப் பள்ளியில குழந்தைங்க, தெரபிஸ்ட்டுங்க கூட உக்காந்து உருவானதுதான், அந்த வேலைக்காக 2011ல எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூவோட 35 இளம் கண்டுபிடிப்பாளர்கள் லிஸ்ட்ல அவர் பேர் வந்துச்சு.

அம்மா அப்பா கண்டிப்பா ஒண்ணு கேப்பாங்க: "இத குடுத்தா புள்ள வாய் தெறந்து பேசவே மாட்டாளோ?" நியாயமான பயம். 2006ல மில்லர், லைட், ஷ்லாசர் மூணு பேரும் பேச்சுக்கு துணையா சைகை, கருவி மாதிரி வழிகள குடுத்து பாத்த பழைய ஆய்வுகள ஒண்ணா வச்சு பாத்தாங்க, அதுல நல்ல ஆதாரம் இருந்த 27 பேர்ல ஒருத்தருக்கும் பேச்சு குறையல, 89 சதவீதம் பேருக்கு கொஞ்சமாவது கூடியிருந்துச்சு. இத பொறுமையா சொல்லுங்க, நாளைக்கே பேசிடுவான்னு மட்டும் வாக்கு குடுத்திடாதீங்க.

ஸ்டெப் 2: நாலு வார்த்தை

என் அனுபவத்துல "வேணும்", "வேண்டாம்", "இன்னும்", "இங்க வா" நாலும் போதும். சாப்பாடு, விளையாட்டு, பாட்டு எல்லாத்துக்கும் இதே நாலு ஓடும், "பிஸ்கட்" பிஸ்கட்டுக்கு மட்டும்தான் ஓடும். "வேண்டாம்" இல்லாத பாக்ஸ தயவுசெஞ்சு யாருக்கும் குடுக்காதீங்க. பின்னாடி வார்த்தை கூட்டும்போது "நான்"னு வைக்காம "எனக்கு"ன்னு வைங்க, அப்பதான் "எனக்கு, தண்ணி, வேணும்"னு அமுக்கினா வீட்டுல பேசற மாதிரியே வரும்.

ஸ்டெப் 3: குரல்

உங்க குரல்ல பதியாதீங்க. அதே வயசு பொண்ணு, அக்காவோ பக்கத்து வீட்டுப் புள்ளையோ பேசணும், கம்ப்யூட்டர் குரலும் வேண்டாம். வீட்டுல தண்ணின்னா தண்ணிதான், தண்ணீர் கிடையாது. ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஃபோன்லயே பதியலாம், முன்னாடி இருக்கற அமைதிய வெட்டிடுங்க, இல்லன்னா அமுக்கி அரை செகண்ட் கழிச்சு சத்தம் வரும், குழந்தை வேலை செய்யலன்னு நெனச்சு மறுபடி அமுக்கிடும்.

ஸ்டெப் 4: வயரிங்

ஆர்டுயினோ நானோ (ப்ரோக்ராம் போடற சின்ன போர்டு), டிஎஃப்பிளேயர் மினி (மெமரி கார்டுல இருக்கற குரல ஸ்பீக்கர்ல பேச வைக்கற சின்ன போர்டு, கீழ பிளேயர்னு சொல்றது இதத்தான்), 8 ஓம் 3 வாட் ஸ்பீக்கர், மெமரி கார்டு, வீடியோ கேம் மெஷின்ல வர்ற மாதிரி நாலு பெரிய ஆர்கேட் பட்டன், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல எல்லாம் கிடைக்கும். கார்டு 32 ஜிபிக்கு மேல வேண்டாம், ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணி, எம்பி3ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, ஃபைலுக்கு 0001, 0002ன்னு பேர் வைங்க.

ஒவ்வொரு பட்டன்லயும் ஒரு கால் கிரவுண்டுக்கு, இன்னொண்ணு நானோவோட டி2 பின்ல இருந்து டி5 வரைக்கும் வரிசையா. நானோ டி10 பிளேயரோட டிஎக்ஸுக்கு (தகவல் அனுப்பற பின்), டி11 ரெசிஸ்டர் வழியா ஆர்எக்ஸுக்கு (தகவல் வாங்கற பின்), ரெசிஸ்டர விட்டா ஸ்பீக்கர்ல கர்ருன்னு இரைச்சல் வரலாம். ஸ்பீக்கர் ரெண்டு வயரும் பிளேயர்ல ஸ்பீக்கர்னு போட்ட ரெண்டு பின்னுக்கு மட்டும்தான், கிரவுண்டுல கொடுக்காதீங்க. பவருக்கு மூணு ஏஏ பேட்டரி, 4.5 வோல்ட், நானோவோட 5வி பின்லயும் பிளேயரோட விசிசி பவர் பின்லயும். பவர்பேங்க் நிறைய இந்த அளவு கரண்ட் பத்தாம தானா ஆஃப் ஆயிடும், லூஸ் லித்தியம் செல்ல குழந்தை மடில வைக்கறது எனக்கு சம்மதமே இல்ல.

ஒரு நல்ல பழக்கம்: பட்டன்கள நேரா சால்டர் பண்ணாம 3.5 எம்எம் மோனோ ஜாக் வழியா கொண்டு வாங்க. தெரபி சென்டர்கள்ல இருக்கற அடாப்டிவ் ஸ்விட்ச் (கை கால் அசைவு குறைஞ்சவங்களுக்கான ஸ்விட்ச்) பெரும்பாலும் இந்த ஜாக்லதான் வரும், கை வராத குழந்தைக்கு தலையால தட்டற ஸ்விட்ச அப்படியே சொருகிடலாம்.

ஸ்டெப் 5: ப்ரோக்ராம்

டிஎஃப்பிளேயர் லைப்ரரி, ரெண்டு போர்டும் பேசிக்க சாஃப்ட்வேர் சீரியல், வேகம் 9600. பட்டன் பின்களுக்கு உள் புல்லப் (அமுக்காதப்ப பின்ன ஹைல வச்சிருக்கற செட்டிங்) போடுங்க. எம்பி3 ஃபோல்டர்ல இருந்து நம்பர் சொல்லி எடுக்கற கட்டளையையே பயன்படுத்துங்க, சாதா ப்ளே கட்டளை காப்பி பண்ண வரிசைய பாக்கும், "வேணும்"க்கு "வேண்டாம்" பேசிடும். சத்தம் 0ல இருந்து 30, நான் 22ல ஆரம்பிப்பேன். ஒரு தடவை பேசினதும் ஒரு செகண்டு அதே பட்டன கண்டுக்காம விடுங்க, நடுங்கற கை ஒரே அமுக்குல நாலஞ்சு தடவை தட்டிடும், அந்த நேரத்த குழந்தைய பாத்து கூட்டிக் குறைங்க.

ஸ்டெப் 6: பெட்டி

சன்போர்டு போதும், மூலைய வட்டமா தேய்ச்சிடுங்க. எச்சில் உள்ள போகாம மேல லேமினேஷன் ஷீட், பட்டன் சுத்தி ஒரு இன்ச் இடைவெளி, அடில வெல்க்ரோ. பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ கட்டாயம். இடுப்பு உயரத்துல இருந்து ரெண்டு தடவை கீழ போட்டு பாருங்க, கண்டிப்பா ஒரு நாள் விழும்.

பட்டன் இடத்த அப்புறம் மாத்தவே மாத்தாதீங்க. கை இடத்ததான் ஞாபகம் வச்சிருக்கும், படத்த இல்ல.

ஸ்டெப் 7: குடுக்கறது

"அமுக்கு, அமுக்கு"ன்னு கைய பிடிச்சு இழுக்காதீங்க. நீங்க பேசும்போது நீங்களே அமுக்குங்க: "இன்னும் ஊஞ்சல் ஆடலாமா?"ன்னு கேட்டுக்கிட்டே "இன்னும்". வீட்டுலயும் பள்ளியிலயும் எல்லாரும் இப்படி செய்யணும், வாரக்கணக்காகும், மாசமும் ஆகும். குழந்தை "வேண்டாம்" அமுக்கினா அந்த நிமிஷமே நிறுத்துங்க, தெரபி நடுவுல இருந்தாலும் நிறுத்திட்டு மூச்சு விட்டு மறுபடி கேளுங்க, அமுக்கியும் யாரும் கேக்கலன்னா அந்த பட்டன அவ விட்டுடுவா.

எங்க ரெண்டாவது பாக்ஸ்ல அந்தப் பொண்ணு முதல்ல அமுக்கினது "இங்க வா". அம்மாவ பாத்து. அதுக்கப்புறம் அன்னைக்கு சாயந்திரம் வரைக்கும் அத விடவே இல்ல.

ப்ராஜெக்ட் முடிஞ்சு போறப்ப ஒரு காப்பி மெமரி கார்டு, ஸ்பேர் பட்டன் ஒண்ணு டீச்சர்கிட்ட குடுத்திடுங்க, எந்த பின்ல எந்த வயர்னு ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க, அடுத்த வருஷம் வர்ற பசங்க அதத்தான் முதல்ல தேடுவாங்க.