மலையில் குடும்பத்துக்குப் பழைய எஸ்யூவி வாங்குவது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிக் குடும்பங்கள் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் பெரும்பாலும் கோவைக்குத்தான் இறங்குகின்றன. அங்கே வண்டிகள் நிறைய, விலையும் பேசலாம். ஆனால் அவிநாசி ரோட்டில் பத்து நிமிஷம் ஓட்டினால் தளர்ந்த கிளட்சும் தெரியாது, இறக்கத்தில் கைவிடும் பிரேக்கும் தெரியாது. அதனால் பேச்சைத் தொடங்கும்போதே ஒரு நிபந்தனை வையுங்கள்: அட்வான்ஸ் கொடுக்குமுன் பர்லியாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றி, திரும்ப இறக்கிப் பார்க்க வேண்டும். டீசல் செலவு உங்களுடையது. விற்பவர் சம்மதிக்கவில்லையா, அடுத்த வண்டியைப் பாருங்கள். சீசனில் குன்னூர் ரோட்டை ஏறுவதற்கு மட்டும் ஒருவழியாக்கிவிட்டால் கோத்தகிரி வழியாக இறங்கலாம்.

எந்த இன்ஜின்?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின் கிடைக்கிற காற்றைத்தான் இழுக்கும். ஆகவே அதன் சக்தியும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். ஐந்து பேரும் லக்கேஜும் ஏறினால் கொண்டை ஊசி வளைவில் முதல் கியர் போட வேண்டி வரும். டர்போ உள்ள வண்டியில் இந்த இழப்பு மிகக் குறைவு. 2020 வரை வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 1.3 டீசல், ஹூண்டாய் கிரெட்டா 1.6 டீசல், ரெனோ டஸ்டர் 1.5 டீசல், பெட்ரோலில் டாடா நெக்ஸான் 1.2 டர்போ, இவையெல்லாம் மலைக்குப் பொருந்தும். பிரெஸ்ஸா 2020-க்குப் பிறகு டீசல் இல்லாமல், டர்போ இல்லாத 1.5 பெட்ரோலில் வந்தது. பேரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். டஸ்டர் டீசலில் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரி எரிந்து போக, இன்ஜின் நன்றாகச் சூடேறி இருபது நிமிஷமாவது சீராக ஓட வேண்டும். ஸ்கூல், மார்க்கெட், கோயில் என்று ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றும் வண்டியில் அது நடக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது கோவைக்கோ மைசூருக்கோ நீண்ட தூரம் போகாத வீட்டுக்கு டர்போ பெட்ரோலே நல்லது. பிஎஸ்6 டீசல்தான் வேண்டுமென்றால், வாங்குமுன் ஸ்கேனர் போட்டுக் கரியின் அளவைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் கவனம் தேவை. ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் மேனுவல் கியர்பாக்ஸ்) வண்டி ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருளும். அப்படி உருளாமல் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள். டிரை கிளட்ச் (எண்ணெயில் மூழ்காதது) உள்ள டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், ஊட்டி சேரிங் கிராஸ் மாதிரி இடத்தில் ஏற்ற நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போனால் சூடாகும்.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது

வண்டி பார்க்கக் காலை ஏழு மணிக்குப் போங்கள். ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைத்திருக்க வாய்ப்பு உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில், க்ளோ பிளக் (ஸ்டார்ட்டாக இன்ஜினைச் சூடேற்றும் பிளக்) போன டீசல் நீண்ட நேரம் சுற்றித்தான் பிடிக்கும். பிடித்ததும் குலுங்கி வெள்ளைப் புகை விடும்.

இன்ஜின் ஆறியிருக்கும் அதே நேரத்தில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பலரும் தவறவிடும் இடம் இது. ஊட்டி உயரத்தில் சாதா தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது கொதிக்காமல் காப்பது கூலன்ட்டும், மூடி பிடித்து வைக்கும் அழுத்தமும்தான். மூடியின் அடியில் உள்ள ரப்பர் வளையம் மெத்தென்று இருக்க வேண்டும். கெட்டியாகி வெடித்திருந்தால் ஏற்றத்தில் கூலன்ட் வெளியே தள்ளும். உள்ளே பச்சை, சிவப்பு என்று நிறமுள்ள கூலன்ட் தெளிவாகத் தெரிய வேண்டும். துருநிறத் தண்ணீர் என்றால் வெறும் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள். எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடு) போயிருக்கலாம்; அந்த வண்டி வேண்டாம்.

ஏற்றத்தில் கிளட்ச்

குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். நல்ல ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய், ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். இன்ஜின் சுற்று சட்டென்று ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. பெடல் ஏறக்குறைய மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது என்றாலும் தேய்மானம் அதிகம். மலையில் ஹாஃப் கிளட்சில் நிறுத்தி ஓட்டிய வண்டிக்குக் கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் கிளட்ச் போயிருக்கும்; மீட்டரை மட்டும் நம்ப முடியாததற்கு இது ஒரு காரணம். டீசலை ஆஃப் செய்யும் நொடியில் கடகடவென்று சத்தம் வந்தால் கிளட்ச் பதியும் சக்கரமான ஃப்ளைவீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அது டூயல் மாஸ் (இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங்குடன் வரும்) வகையாக இருந்தால் கிளட்சைவிட அதுதான் பெரிய செலவு.

இறக்கத்தில் பிரேக்

இரண்டாவது கியரில் இறங்குங்கள். நீண்ட இறக்கம் முடிந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பின்னால் வருபவரிடம் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால் ஆயில் எரிகிறது: பெட்ரோலில் பெரும்பாலும் வால்வு சீல், டீசலில் டர்போ சீல். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. இறங்க இறங்கப் பெடல் ஆழமாகப் போய் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் பழசு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழியாகிவிட்டால் பெடல் மிதித்தாலும் வண்டி நிற்காது. மூடுபனி ஊரில் இரண்டு வருஷத்துக்கு மேல் விடவே கூடாது.

கீழே நிறுத்தியதும் நான்கு வீலுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள், சுட்டுவிடும். இடது, வலது முன் வீல்கள் ஒரே மாதிரி சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அதன் காலிப்பர் (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இறுகிப்போயிருக்கிறது. சில்லென்று இருந்தால் அந்தப் பக்கம் பிரேக்கே பிடிக்கவில்லை.

லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள்

பல வருஷம் மலையிலேயே இருந்த வண்டி என்றால் துருதான் முதல் எதிரி. பின் வீல் ஆர்ச்சின் உள்பக்கம், கதவுகளின் அடி விளிம்பு, ஸ்டெப்னி கிடக்கும் குழி, டிக்கி கதவின் கீழ், ஸ்கார்ப்பியோ, பொலேரோ மாதிரி சேசிஸ் வண்டியில் குறுக்குச் சட்டங்களின் வெல்டிங், இவற்றை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது. மந்தமாகக் கேட்டு ஓடு ஓடாக உதிர்ந்தால் தகடு போய்விட்டது. அடியில் ஓடும் பிரேக் பைப்பில் துரு செதில் கட்டியிருந்தால் அதை மாற்றாமல் ஓட்டாதீர்கள். அடியில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால், எதற்காக இப்போது என்று கேளுங்கள்.

சென்னையிலிருந்து வந்த வண்டியா? 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கியவை இன்றும் கை மாறுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தின் அடியிலும் மண் தங்கும். தோட்டத்து ஷெட்டில் நின்ற வண்டியானால் பானெட்டுக்குள் ஒயரிங்கை எலி கடித்து டேப் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் தயாரானது. ஐந்தாறு வருஷம் தாண்டிய டயர் கட்டை தேயாமல் இருந்தாலும் மழைச் சாலையில் பிடி குறையும். ஏசி நம் ஊரில் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்: கண்ணாடியில் படியும் பனியை உடனே போக்குவது அதுதான். பின் டீஃபாகர், பின் வைப்பர், ஃபாக் லேம்ப் மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

குடும்பம் என்பதால்

2019 ஏப்ரலுக்கு முன் விற்ற கார்களில் அடிப்படை மாடல்களுக்கு ஏபிஎஸ் (அழுத்தி பிரேக் மிதித்தாலும் வீல் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) இல்லாமல் இருக்கலாம். டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. அதனால் பழைய வண்டியில் வேரியன்ட்டை உறுதி செய்யுங்கள். ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேக்கும் இல்லாத வண்டி எவ்வளவு மலிவானாலும் பிள்ளைகளோடு மலையில் ஓட்ட வேண்டாம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம்.

ஏழு சீட் ஆசை இருந்தால் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தே அந்த ஏற்ற இறக்கத்தை ஓட்டுங்கள். உயரமான சேசிஸ் வண்டிகள் வளைவில் அதிகம் சாயும். வாந்தி வரும் பிள்ளைக்குக் கடைசி சீட் கொடுமை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் ஐந்து சீட் வண்டி, நம் தெருக்களில் திருப்பவும் வசதி. ஃபோர் வீல் டிரைவ், தோட்டத்து மண் பாதையில் வீடு இருப்பவர்களுக்கு மட்டும் தேவை.

பேப்பர்

அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், ஃபிட்னஸ், இன்சூரன்ஸ் எது வரை என்று பாருங்கள். இ-செலான் பாக்கியை இ-செலான் தளத்தில் தனியாகப் பாருங்கள். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. டெல்லி டீசல் மலிவாக வருவதற்குக் காரணம், அங்கே பழைய டீசலுக்குள்ள கட்டுப்பாடுகள். என்ஓசியும் இங்கே கட்ட வேண்டிய ரோடு டாக்ஸும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

தமிழ்நாட்டுக்குள் வாங்கினால் எண் மாறாது. கோவையின் டிஎன் 38 அப்படியே இருக்கும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் எண் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருப்பதால், ஆர்சியில் உங்கள் நீலகிரி முகவரியை உடனே ஏற்றிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கம்பெனியில் கட்டிவிட வேண்டும்.