தென்னை மஞ்சளாகிறதா? உரம் போடுவதற்கு முன் குருத்தைப் பாருங்கள்

மதுரைப் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்றிரண்டு தென்னை நிற்பது வழக்கம். மட்டை சற்று மஞ்சளானதும் யூரியாவை அள்ளிப் போடுவதும் வழக்கம். நானும் அப்படிப் போட்டவன்தான். உள்ளே வண்டு இருந்தது பிறகே தெரிந்தது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், கோளாறு மரத்தின் எந்த இடத்தில் தொடங்கியது என்று பாருங்கள்.

படி 1: குருத்து

விரிந்த மட்டையின் கீற்றுகள் கத்தரியால் முக்கோணமாக நறுக்கியதுபோல் இருந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை. குருத்து மடிந்திருக்கும்போதே வண்டு குறுக்கே துளைத்துவிடுவதால், விரிந்தபின் இரு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுத் தெரிகிறது. மட்டை இடுக்கில் ஈரமான நார்ச்சக்கை தள்ளியிருந்தால் வண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நுனியைக் கொக்கியாக வளைத்த கம்பியைத் துளையில் விட்டுக் குத்தி இழுத்தால், கொம்போடு கறுப்பு வண்டு வெளியே வரும். பின்னர் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் இடுங்கள். எருக்குழியையும் கிளறிப் பாருங்கள். வண்டு முட்டையிடுவது அங்கேதான்.

குருத்து வெளிறி, இழுத்தவுடன் கையோடு வந்து நாற்றமடித்தால் அது குருத்தழுகல். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை எதிர்பார்க்கலாம். அழுகலைச் செதுக்கிவிட்டுப் போர்டோ பசை தடவ வேண்டும். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், சுண்ணாம்பு 100 கிராமை மற்றோர் அரை லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள்; பிளாஸ்டிக் வாளி போதும், இரும்பு ஆகாது. தேய்த்த கத்தியை நனைத்துப் பார்க்கும்போது அதில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்.

படி 2: அடிமட்டைகள்

கடைசி மட்டை ஒன்று மாதத்துக்கொரு முறை காய்ந்து விழுவது முதுமையே. அதற்கு மருந்து தேட வேண்டாம். பல அடிமட்டைகள் சேர்ந்தாற்போல் மஞ்சளானால் தழைச்சத்தும், ஆரஞ்சுப் புள்ளிகளோடு நுனி கருகினால் சாம்பல்சத்தும் குறைந்திருக்கலாம். காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பதை இரண்டாகப் பிரித்து, தண்டிலிருந்து ஆறடி வரை எடுத்த வட்டப்பாத்தியில் இட்டுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

படி 3: தண்டு

துளையும் மென்று துப்பிய நாரும் தெரிந்தால் சிவப்புக் கூன்வண்டு. காயத்தின் வழியாகவே இது நுழைவதால் மரத்தில் படி வெட்டுவதையும் ஆணி அடிப்பதையும் நிறுத்துங்கள்; பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் நான்கடி அடிக்காம்பை விட்டு வெட்டச் சொல்லுங்கள். துளையே இல்லாமல், தரையை ஒட்டிச் செம்பழுப்புச் சாறு மட்டும் வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல் எனப்படும் அடித்தண்டழுகல். மண் வழியே பரவும் பூஞ்சாணம் என்பதால், அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடாதபடி தடுத்துவிட்டு, ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் காட்டிக் கேளுங்கள்.