நாய்க்கு ட்ரெய்னிங் ஸ்கூல் தேடுகிறீர்களா? மலையகத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"ஒரு மாதம் எங்களிடம் விடுங்கள், சொல்பேச்சுக் கேட்கும் நாயாகத் திருப்பித் தருகிறோம்." பேஸ்புக்கில் நாய் பற்றி ஒரு தடவை தேடிவிட்டால் போதும், இந்த மாதிரி விளம்பரங்கள் வரிசையாக வந்து விழும். அதில் பாதிக்கு மேல் கண்டி, கொழும்புப் பக்கம்தான். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ முதல் தடவையாக ஒரு குட்டியை வளர்க்கிறவர் எதைப் பார்த்துத் தெரிவு செய்வது? நான் சொல்கிற ஒழுங்கில் போனால் காசும் மிஞ்சும், நாயும் பயந்து போகாது.

படி 1: என்ன வேண்டும் என்று எழுதுங்கள்

"சொன்னபடி கேட்கணும்" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். கண்ணால் பார்க்கக்கூடிய விஷயங்களாக ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, போகிறவர்களைத் துரத்துகிறது. த்ரீவீல் சத்தம் கேட்டால் கேட்டில் பாய்கிறது. கூப்பிட்டால் வருவதில்லை. தோட்டப் பக்கம் இருப்பவர்கள் இந்தக் கடைசியை முதலாவதாக எழுதுங்கள். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது, நாய் அதற்குச் சுலபமான இரை. இருட்டிய பிறகு வெளியே விடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு, ஆனாலும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிற பழக்கம் ஒரு நாள் உயிரைக் காப்பாற்றும்.

ஏற்கனவே ஆளைக் கடித்த நாய், அல்லது திடீரென்று சிடுசிடுக்க ஆரம்பித்த நாய் என்றால் முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். காதில் சீழ், மூட்டில் வலி, உண்ணிக் காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். வலிக்கு ட்ரெய்னிங் மருந்தாகாது.

படி 2: ஊசிக் கார்டை எடுத்துப் பாருங்கள்

இலவசமாகப் போடுகிற விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் என்று நாய்க்கு நாய் தொற்றி உயிரையே எடுக்கக்கூடிய இரண்டு நோய்கள் இருக்கின்றன, அந்த ஊசி இவற்றைத் தடுக்காது. பல நாய்கள் கூடுகிற இடத்துக்குப் போவதற்கு முன் இவற்றுக்கான ஊசிகளும் வேண்டும்.

அதற்காக எல்லா ஊசியும் முடியட்டும் என்று ஆறு மாதம் வரை வீட்டிலேயே பூட்டி வைப்பதும் சரியில்லை. குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்வது ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரைக்கும்தான். 7, 8 வாரத்திலேயே குட்டி வகுப்பைத் தொடங்கலாம் என்பது அமெரிக்க மிருக நடத்தை வைத்தியர்களின் சங்கம் சொல்வது. முதல் ஊசி போட்டுக் குறைந்தது 7 நாள் ஆகியிருக்க வேண்டும், வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் வைத்தியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

விட்டுவிட்டு வருவது, நீங்களும் நாயுமாக வகுப்புக்குப் போவது, பயிற்றுநர் வீட்டுக்கு வருவது என்று மூன்று வகை இருக்கிறது. தூரத்தை நினைத்து நம்மவர்கள் முதலாவதைத்தான் பிடிப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நாய் பாடத்தை இடத்தோடும் ஆளோடும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. கண்டியில் ஒரு புல்தரையில், பயிற்றுநர் சொன்னால் உட்காருகிற நாய், உங்கள் லயத்து வாசலில் நீங்கள் சொன்னால் உட்காரும் என்று யாரும் உறுதி தர முடியாது. இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையிலிருந்து கூடை தொங்க, கொழுந்து பறிக்கிறவர்கள் பத்துப் பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு படியிறங்கி வருவதை அது கண்டியில் பார்த்திருக்காது. நாய் குரைப்பதோ அவர்களைப் பார்த்து.

ஆகவே, பயிற்றுநர் மாதம் இரண்டு தடவைதான் வீட்டுக்கு வர முடியும் என்றாலும், ஒரு மாதம் விட்டு எடுப்பதைவிட அதுவே மேல். பக்கத்து வீடுகளில் நாய் இருந்தால் மூன்று நாலு பேர் சேர்ந்து அழையுங்கள், போக்குவரத்துச் செலவைப் பங்கு போடலாம்.

படி 4: போனில் கேளுங்கள்

மூன்று கேள்வி போதும். நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? பிழையாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? நாய் இல்லாமல் ஒரு நாள் வந்து வகுப்பைப் பார்க்கலாமா? இரண்டாவது கேள்விக்கு "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

"பொலிஸில் நாய் பழக்கியவர்" என்ற பேச்சும் வரும். கண்டி அஸ்கிரியவில் பொலிஸ் நாய்ப் பிரிவு இருப்பதால் இந்தப் பக்கம் அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை. அனுபவம் நல்லதுதான். ஆனால் வெடிபொருளும் போதைப்பொருளும் மோப்பம் பிடிக்கிற நாய் வேறு, விருந்தாளி மேல் பாயாமல் இருக்க வேண்டிய வீட்டு நாய் வேறு. வீட்டு நாய்கள் எத்தனையைப் பழக்கினார் என்று கேளுங்கள்.

படி 5: நேரில் போய்ப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தவிர்க்கவே கூடாது. நாயை வீட்டில் விட்டுப் போங்கள். போனதும் கட்டடத்தையும் சுவரில் தொங்குகிற சான்றிதழையும் பார்க்காதீர்கள், அங்கே நிற்கிற நாய்களைப் பாருங்கள்.

பயிற்றுநர் கிட்டே வரும்போது ஒரு நாய் என்ன செய்கிறது? வாலைத் தளர்வாக ஆட்டி முகத்தைப் பார்த்தால் நல்லது. வாலைக் காலுக்குள் செருகி, காதைப் பின்னால் மடித்து, சாப்பாடே இல்லாதபோது உதட்டை நக்கி நக்கிக் கொட்டாவி விட்டால் அது களைப்பல்ல, பயம். அசையாமல் உட்கார்ந்திருக்கிற நாயை "என்ன ஒழுக்கம்!" என்று மெச்சிவிடாதீர்கள். கண் ஓரத்து வெள்ளை தெரிய, தலையைத் திருப்பாமல் ஆளைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

போர்த்துக்கலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்த ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் இதே உதட்டு நக்கலும் கொட்டாவியும் அதிகம். பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோனும் கூடியிருந்தது.

கழுத்தையும் பாருங்கள். இழுத்தால் இறுகுகிற சங்கிலி, முள் பட்டி, கரண்ட் அடிக்கிற பட்டி எது கண்ணில் பட்டாலும் அந்த இடம் வேண்டாம். "அல்சேஷனுக்கு, றொட்வைலருக்கு இது இல்லாமல் முடியாது" என்பார்கள். பெரிய இனத்தையும் இறைச்சித் துண்டு கொடுத்தே பழக்கலாம், பழக்குகிறார்கள்.

நம்ம ஊருக்கென்று சில: மழைக்குக் கூரை இருக்கிறதா? வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை திறந்த வெளியில் வகுப்பு என்றால் பாதி நாள் நடக்காது. நாய் தங்குகிற கூட்டில் வெறும் சீமெந்துத் தரையா, பலகை போட்டிருக்கிறதா? நுவரெலியாக் குளிருக்குக் குட்டி வெறும் தரையில் படுக்கக் கூடாது. புல் வெட்டியிருக்கிறதா, உண்ணிக்கும் அட்டைக்கும் என்ன செய்கிறார்கள்?

படி 6: காசு

முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். "100 வீதம் உத்தரவாதம்" என்பவரைவிட "நீங்கள் வீட்டில் செய்வதைப் பொறுத்தது" என்பவர் நேர்மையானவர்.

படி 7: வீட்டில்

பயிற்றுநர் "சிட்", "கம்" என்பார், அப்பா "உட்கார்" என்பார், தம்பி விசிலடிப்பான். பாவம் நாய். எந்தச் சொல் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒன்றை முடிவு செய்து கதவில் ஒட்டுங்கள். கோழி ஈரலை அவித்து, கடலைப்பருப்பு அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், கடைசியாகத்தான் ஆட்கள் போகிற பாதையில்.

சில வாரம் போயும் மாற்றம் தெரியாவிட்டால், நீங்கள் பழக்குவதைப் போனில் வீடியோ எடுத்துப் பயிற்றுநருக்குக் காட்டுங்கள். வேறு வழி சொல்லித் தருகிறாரா, "உங்க நாய்க்கு மூளை இல்லை" என்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அடுத்த இடத்துக்குப் போன் போடுங்கள்.