பாலம், ஏரி, கலங்கரை விளக்கம்: ஸ்டாம்ப் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

ஸ்டாம்ப் சேர்க்கிறேன் என்றால் "இன்னும் அதெல்லாம் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: உலகத்து ஸ்டாம்பையெல்லாம் சேர்க்கப் பார்ப்பார்கள். ஐந்நூறு ஸ்டாம்ப் உள்ள கலவை பாக்கெட் ஒன்றை வாங்கிக் கொட்டிப் பிரித்து, ஆறு மாதத்தில் பரணில் ஏற்றிவிடுவார்கள். நானும் ஏற்றியவன்தான். திரும்ப இறக்க வைத்தது ஒரு சின்னத் தலைப்பு: தண்ணீரும் அதன் கரையும். கடலோர அடையாளங்கள், பாலங்கள், ஏரிகள், அவ்வளவுதான்.

படி 1: கைக்கு அடங்கும் பட்டியல்

இந்திய ஸ்டாம்பிலிருந்தே தொடங்குங்கள். 1985-ல் மினிக்காய் கலங்கரை விளக்கத்தின் நூற்றாண்டுக்கு ஒன்று வந்தது. 2012-ல் ஆலப்புழை, மாமல்லபுரம் கலங்கரை விளக்கங்கள் இரண்டும் வந்தன. 2006-ல் இமயமலை ஏரிகள் ஐந்து: சந்திரதால், ரூப்குண்ட், சேலா, த்சோ மோரிரி, சாங்கு. 2007 ஆகஸ்ட்டில் பாலங்கள் நான்கு: ஹவுரா, வித்யாசாகர் சேது, பாட்னாவின் மகாத்மா காந்தி சேது, நம்ம பாம்பன். 1996-ல் கன்னியாகுமரி விவேகானந்தர் பாறை. (பக்கத்தில் வள்ளுவரைத் தேடாதீர்கள். சிலை திறந்தது 2000 ஜனவரி 1-ல்.)

மொத்தம் பதின்மூன்று. தலைப்புக்குப் பொருந்துவது இன்னும் நிறைய உண்டு. ஆனால் முதல் வருஷத்துக்கு இது போதும். பதின்மூன்றும் கையில் வரும்போது அடுத்து எங்கே போவது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் போனது இலங்கைப் பக்கம். 1935-ல் வெளிவரத் தொடங்கிய ஐந்தாம் ஜார்ஜ் கால சிலோன் வரிசையில் 6 சென்ட்டில் கொழும்புத் துறைமுகம், 30 சென்ட்டில் பழைய நீர்ப்பாசனக் குளம், 1 ரூபாயில் திருகோணமலை. பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகான அச்சு.

படி 2: சாமான்கள்

ஒரு ஸ்டாக் புக் (ஒட்டாமல் ஸ்டாம்பைச் செருகி வைக்கும் பட்டைகள் உள்ள ஆல்பம்), முனை தட்டையான ஸ்டாம்ப் ட்வீசர், ஒரு பூதக்கண்ணாடி. புருவம் திருத்தும் ட்வீசர் வேண்டாம், அதன் முனை காகிதத்தைக் கிழித்துவிடும். பளபளக்கும் பழைய போட்டோ ஆல்பமும் வேண்டாம். அதன் ஒட்டும் பக்கத்தில் ஸ்டாம்பை வைத்தால் திரும்ப எடுக்க முடியாது.

படி 3: எங்கே கிடைக்கும்

முதலில் வீட்டில் தேடுங்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை உறைகள், அத்தை கட்டி வைத்திருக்கும் கடிதக் கட்டு. அடுத்து பெரிய தபால் நிலையங்களில் உள்ள பிலாட்டலி கவுண்டர், அதாவது ஸ்டாம்ப் சேர்ப்பவர்களுக்கான கவுண்டர். சென்னையில் அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தில் இருக்கிறது. அங்கே புதிதாக வருபவை அச்சிட்ட விலைக்கே கிடைக்கும். பிலாட்டலி டெபாசிட் அக்கவுண்ட் ஒன்று தொடங்கிப் பணம் கட்டி வைத்தால், புது வெளியீடுகளை உங்கள் கணக்கில் கழித்துக்கொண்டு அனுப்பிவைப்பார்கள். மேலே சொன்ன பதின்மூன்றும் பழசு என்பதால் கவுண்டரில் எதிர்பார்க்காதீர்கள். அவற்றுக்கு டீலர்களும் கண்காட்சிகளும்தான் வழி.

படி 4: உறையிலிருந்து பிரிப்பது

இதில்தான் கை பழக வேண்டும். ஸ்டாம்பைச் சுற்றி விரல் அகலம் காகிதம் விட்டுக் கத்தரியுங்கள். ஓரத்திலுள்ள பற்களில் ஒன்று போனாலும் ஸ்டாம்புக்கு மதிப்பில்லை. அகலப் பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீர் விட்டு, படம் மேலே தெரிய மிதக்க விடுங்கள். வெந்நீர் வேண்டாம். சிவப்பு, பச்சை உறைத் துண்டுகளை மற்றதோடு சேர்த்துப் போடாதீர்கள். சாயம் இறங்கி எல்லா ஏரியும் செவ்வானமாகிவிடும். 15, 20 நிமிடத்தில் பசை இளகும். அப்போதும் உரிக்கக் கூடாது. இரண்டு விரலால் தள்ளினால் ஸ்டாம்ப் தானாக வழுக்கி வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னும் பத்து நிமிடம் ஊறட்டும். பின்பக்கம் வழவழவென்று பசை மிச்சம் இருந்தால் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு, வெள்ளைத் துணியில் படம் கீழே இருக்கும்படி காய வையுங்கள். பாதி காய்ந்த நிலையில் சுருண்டுகொள்ளும், பயப்பட வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகு கனமான புத்தகத்துக்குள் ஒரு ராத்திரி வைத்தால் நேராகிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் ஊற வைக்காதீர்கள். மண்டபத்திலிருந்து மாமா ஒருமுறை கடிதம் போட்டிருந்தார். பாம்பன் பாலம் ஸ்டாம்ப், மேலே மண்டபம் தபால் நிலையத்தின் முத்திரை, தேதியோடு வட்டமாக, தெளிவாக. பாலத்தின் ஸ்டாம்புக்குப் பாலத்தின் இக்கரையிலேயே முத்திரை. நான் என்ன செய்தேன்? கத்தரியை எடுத்து ஸ்டாம்பை மட்டும் வெட்டி, தண்ணீரில் போட்டுச் சுத்தமாகப் பிரித்தெடுத்தேன். இப்போது என் ஆல்பத்தில் இருப்பது ஊர்ப்பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும். மீதிப் பெயரும் தேதியும் அன்றைக்கே குப்பைக்கூடைக்குப் போய்விட்டன. முத்திரை தெளிவாக இருந்தால், ஊர் ஸ்டாம்புக்குச் சம்பந்தப்பட்டதாக இருந்தால், உறையை முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் உறைகளுக்கும் (ஸ்டாம்ப் வெளியான நாளிலேயே ஒட்டி முத்திரை அடித்த உறைகள்) இதே சட்டம்தான்.

படி 5: காசு கொடுக்கும் முன்

மலிவு பாக்கெட்டுகளில் வருவதில் பாதி, கடிதத்தில் ஒருநாளும் ஒட்டப்படாதவை. அச்சகத்திலேயே மூலையில் அளவெடுத்தாற்போல் கால்வட்ட முத்திரை அடித்திருப்பார்கள். திருப்பிப் பாருங்கள். முத்திரை இருந்தும் பின்னால் பசை அப்படியே இருந்தால் அந்த வகைதான். தப்பில்லை, ஆனால் அதற்குரிய விலைதான் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பாலங்களுக்குப் போனால் சிட்னி துறைமுகப் பாலம் சீக்கிரமே கண்ணில் படும். 1932 மார்ச் 19-ல் பாலம் திறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பே 2 பென்ஸ் சிவப்பு, 3 பென்ஸ் நீலம், 5 ஷில்லிங் பச்சை என்று மூன்று விலைகளில் ஸ்டாம்ப் வந்துவிட்டது. சிவப்பு தாராளமாகக் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள். பச்சை நல்ல விலை போவது, போலியும் உண்டு. "சும்மா இருக்கு, எடுத்துக்கோங்க" என்று யாராவது பச்சையை மலிவாக நீட்டினால் கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 6: பாதுகாப்பு

கடலோர ஸ்டாம்புக்கு எதிரி கடற்காற்றுதான். பழுப்புப் புள்ளி விழும், புது ஸ்டாம்பின் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்டாக் புக்கைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றாதீர்கள், நிற்க வையுங்கள். அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறையாவது திறந்து காற்றாட விடுங்கள். மழை பெய்யும் நாளில் வேண்டாம்.

படி 7: பக்கத்தில் நாலு வரி

ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் கீழே பென்சிலால் சின்னக் குறிப்பு எழுதுங்கள். என் பாம்பன் பக்கத்தில் இருப்பது இது: "ரயில் பாலம் திறந்தது 1914. 1964 புயலில் சிதைந்து, மறுபடி சரிசெய்யப்பட்டது. ஸ்டாம்ப் வந்த 2007-ல்தான் மீட்டர் கேஜ் அகலப்பாதை ஆனது. 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6." கடைசி வரியைப் போன வருஷம்தான் சேர்த்தேன். பேனா வேண்டாம் என்பது அதற்காகவும்தான்.

படி 8: மேக்ஸிமம் கார்டு

பிக்சர் போஸ்ட்கார்டின் படப் பக்கத்திலேயே அதே இடத்தின் ஸ்டாம்பை ஒட்டி, அந்த ஊர்த் தபால் நிலையத்தில் முத்திரை வாங்குவதற்குப் பெயர் மேக்ஸிமம் கார்டு. படம், ஸ்டாம்ப், முத்திரை மூன்றும் ஒரே ஊர். மாமல்லபுரம் போகிறீர்களா? கலங்கரை விளக்கத்தின் கார்டு ஒன்றைத் தேடி வாங்கி, 2012 ஸ்டாம்பை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, "சார், கையால அடிச்சுக் கொடுங்க, ஸ்டாம்புல பாதி, கார்டுல பாதி விழுற மாதிரி" என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே செய்துகொடுப்பார்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பையில் ஒரு வெற்றுத்தாள் இருக்கட்டும். முதல் அடியை அதில் அடிக்கச் சொல்லுங்கள். மை அதிகமாக இருந்தால் கலங்கரை விளக்கமே காணாமல் போய்விடும்.