பம்பரில் நம்பர் பிளேட் ஓட்டை: தடம் தெரியாமல் அடைப்பது எப்படி

ஓட்டை என்னவோ 5, 6 மில்லிமீட்டர்தான். ஆனால் அடைத்த இடம் சில மாதங்களில் வட்டமாகத் தெரியத் தொடங்கிவிடும். காரணம் பெரும்பாலும் பெயின்ட் அல்ல, உள்ளே போன பட்டி, அதாவது ஓட்டையை அடைக்கும் பசை. தகரத்துக்குப் போடும் சாதாரண பாலியெஸ்டர் பட்டி காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். பம்பரோ வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், லேசாக இடித்தால் வளைந்து திரும்பும். கூடவே வளைய முடியாத பட்டி ஓரத்தில் விட்டுப்போகும். பிளாஸ்டிக் பம்பருக்கென்றே வரும், இரண்டு பொருளைக் கலந்து பூசும், வளையக்கூடிய ஃபில்லரை மட்டும் வாங்குங்கள்.

முன்பக்க நம்பர் பிளேட் சட்டப்படி கட்டாயம் என்றால், அதை வேறெங்கே மாட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பம்பரின் உள்பக்கத்தில் என்ன பிளாஸ்டிக் என்று பொறித்திருக்கும். பிபி (PP), டிபிஓ (TPO), பிபி+இபிடிஎம் (PP+EPDM) என்றிருந்தால் அதில் எதுவும் எளிதில் ஒட்டாது. ஃபில்லருக்கு முன் ஒருமுறை, பிரைமருக்கு முன் வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடங்களில் மறுமுறை அட்ஹீஷன் புரமோட்டர் (ஒட்டுதலைக் கூட்டும் திரவம்) அடிக்க வேண்டும்.

சோப்பு நீரில் கழுவி, மெழுகு நீக்கும் கிளீனரால் துடைத்த பிறகே உப்புத்தாளைத் தொடுங்கள். வரிசை மாறினால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். பின்னால் அடிக்கும் பெயின்ட் சின்னச் சின்னக் குழிகளாக விலகி நிற்கும்.

ஸ்க்ரூ ஏறிய இடத்தில் பிளாஸ்டிக் மேட்டாகப் பிதுங்கியிருக்கும். கூரான பிளேடால் அதைச் சீவிவிட்டு, ஓட்டையைச் சுற்றி 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு, நடுவை நோக்கிச் சரியும் ஆழமில்லாத குழியாக 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். குழி இல்லாவிட்டால் ஃபில்லருக்குப் பிடிமானம் பம்பரின் கனம் மட்டுமே, அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். மெஷினில் தேய்த்தால் வேகத்தைக் குறைத்து வையுங்கள். சூடேறினால் பிளாஸ்டிக் உருகிப் பஞ்சு பஞ்சாக எழும்.

பின்பக்கம் கை எட்டினால், முன்னால் டேப் ஒட்டிவிட்டு, பின்னால் சொரசொரப்பாக்கி, 5 சென்டிமீட்டர் ஃபைபர் வலைத்துண்டை ஃபில்லரோடு பதியுங்கள். எட்டாவிட்டால் முன்னாலிருந்தே அழுத்தித் திணியுங்கள். பின்னால் காளான் தலைபோலப் பிதுங்கி, அதுவே ரிவெட் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். கலக்கும்போது அடித்துக் கலக்காமல் மடித்து மடித்துக் கலக்குங்கள், காற்றுக்குமிழ் சேராது. மேல்மட்டத்தைவிடச் சற்று உயர்த்திப் பூசி, டப்பாவில் போட்ட நேரம் முழுக்கக் காயவிடுங்கள்.

பிறகு கட்டையில் சுற்றிய 180, அடுத்து 320. வெறும் விரலால் தேய்த்தால் ஃபில்லர் நடுவில் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது, பளபளப்பு வந்ததும் தெரியும். பிளாஸ்டிக்குக்கான பிரைமர் மெல்லிய மூன்று கோட் அடித்து, காய்ந்ததும் 600, மெட்டாலிக் நிறமானால் 800 வரை தண்ணீர் விட்டுத் தேய்க்கவும்.

நிறத்துக்கு வருவோம். பெயின்ட் கோடு, அதாவது நிறத்தின் குறியீடு, பெரும்பாலும் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஸ்டிக்கரில் இருக்கும். ஒரே குறியீட்டுக்கே பல சாயல்கள் உண்டு, வெயிலில் நிறம் மாறியுமிருக்கும். ஆகவே அட்டையில் அடித்து, மேலே கிளியர் கோட்டும் (பளபளப்பு தரும் நிறமற்ற மேல்பூச்சு) போட்டு, காய்ந்தபின் பம்பரோடு சேர்த்து வெளிச்சத்தில் நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். மெட்டாலிக் பெயின்ட் ஈரமாக விழுந்தால் கருத்தும், உலர்வாக விழுந்தால் வெளுத்தும் தெரியும். சில்வர்தான் எல்லாவற்றிலும் கடினம். எனவே அட்டைக்கு வைத்த அதே தூரம், அதே கைவேகம்.

பேஸ் கோட்டை, அதாவது நிறப் பூச்சை, ஓட்டை இருந்த இடத்தோடு நிறுத்தாதீர்கள். சுற்றுப்புறத்தை 1000 நம்பரில் மங்கலாக்கி, ஒவ்வொரு கோட்டையும் முந்தையதைவிட ஒரு சாண் அகலமாக, ஓரம் தேய்ந்து மறையும்படி அடியுங்கள். கோட்டுக்கு நடுவே பளபளப்பு போகும்வரை, சுமார் 10 நிமிடம், பொறுங்கள். கிளியர் கோட்டைப் பாதியில் முடிக்கவே கூடாது. விளிம்பு வரையோ மடிப்புக்கோடு வரையோ கொண்டுபோக வேண்டும்.

ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் கிளியரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும், காகித மாஸ்க் அதைத் தடுக்காது. உற்பத்தியாளர் சொல்லும் சுவாசக் கவசம், கையுறை, காற்றோட்டம் இல்லாமல் அடிக்காதீர்கள். தூசி விழுந்திருந்தால், முழுதாக இறுகிய பிறகு 2000 நம்பரில் தேய்த்து, மெருகேற்றும் பசையான காம்பவுண்ட் போட்டால் போய்விடும்.