தை பிறந்த பிறகு வடக்குக்கு வாருங்கள்: கமராவோடு தேனிலவு போகும் சோடிகளுக்கு

லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ கலியாணத்துக்காக ஊருக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "தேனிலவுக்கு எங்கே போகலாம்?" என்றுதான். இருவருமே படம் எடுப்பதில் பைத்தியம் என்றால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தக் கிழமை போகிறீர்கள்? இலங்கையில் குளிர்காலம் என்று நாங்கள் சொல்லும் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான நாட்களில், ஒரே இடம் ஒரு மாதத்தில் வெள்ளக்காடாகவும் அடுத்த மாதத்தில் பளிங்கு வானமாகவும் இருக்கும். ஊரைப் பிறகு தேடலாம், முதலில் நாளைப் பாருங்கள்.

நம் ஆட்கள் பெரும்பாலும் மார்கழியில் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே ஒன்றில் கார்த்திகை, இல்லாவிட்டால் தை. கார்த்திகை என்றால் நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை. அந்த நேரம் வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வாடைக்காற்று வடக்கிலும் கிழக்கிலும் மாரியைக் கொட்டித் தீர்க்கும். புயல் வருவதும் அப்போதுதான். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையகத்தில் எத்தனை குடும்பங்களைப் புரட்டிப்போட்டது என்பதை வெளிநாட்டில் இருந்தபடியே எல்லோரும் பார்த்தோம். அதனால் கார்த்திகையில் தாலி கட்டுகிறவர்கள் திருகோணமலை, பாசிக்குடா, எல்ல என்று அறை பதியாதீர்கள். இணையத்தில் நீங்கள் பார்க்கும் நிலாவெளியின் நீலக் கடல் வேறு மாதங்களுக்கு உரியது. டிசம்பரில் அதே கடல் சாம்பல் நிறத்தில் குமுறிக்கொண்டிருக்கும்.

கார்த்திகைச் சோடிகளுக்குத் தென்மேற்குக் கரைதான் சரி. வாடைக்காற்றின் மழையை நடுவிலிருக்கும் மலைகள் மறித்துவிடும். டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து அந்தப் பக்கம் நல்ல வெயில். காலிக் கோட்டைக்குள் தங்கிக்கொண்டால் விடிய ஏழு மணிக்கு முன் தெருக்கள் காலியாக இருக்கும், மாலையில் கோட்டை மதிலில் நின்று வெளிச்சவீட்டை எடுக்கலாம். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் காலமும் அதுவே. படகைத் தேர்ந்தெடுக்கும்போது திமிங்கிலத்தைத் துரத்தாமல் தள்ளி நிற்கும் படகா என்று கேளுங்கள். கொக்கல பக்கம் கம்பில் அமர்ந்து மீன் பிடிப்பவர்களில் பலர் இப்போது கமராவுக்காகத்தான் ஏறுகிறார்கள், எடுப்பதற்கு முன் காசைப் பேசிக்கொள்ளுங்கள். கிறிஸ்மஸ் முதல் புதுவருடம் வரை அங்கே விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும், அந்த நாட்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். தெற்கைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்கு உண்மையாகவே சொல்ல வேண்டியது தையைப் பற்றி.

பொங்கல் முடிந்து ஒரு கிழமை போக, வடக்கின் முகமே மாறிவிடும். மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிரம்பியிருக்கும், வயல் விளைந்து அறுப்பு நடக்கும், விடியற்காலையில் பனி விழும். தூசி எல்லாம் மழையில் கழுவப்பட்டு வானம் தெளிவாக இருக்கும். இந்த நிலை ஏறத்தாழ பெப்ரவரி முடியும் வரை நிற்கும். அதன் பிறகு வெக்கை ஏறிப் புல்லும் காய்ந்துவிடும். படம் எடுக்கிற சோடிக்கு வருடத்தில் கிடைக்கும் மிக நல்ல ஐந்தாறு கிழமைகள் இவை. ஆனால் நம் பிள்ளைகளே அந்த நேரத்தில் அம்மம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு மாலைதீவுக்குப் பறந்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

யாழ்ப்பாணத்தில் தங்கினால் முதல் மாலை கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பண்ணைக் கடற்கரைக்குப் போங்கள். கோட்டையின் மதில் மேலிருந்து பார்த்தால் சூரியன் கடல்நீரேரிக்குள் இறங்கும், வலை கட்டிய தடிகளும் சிறு வள்ளங்களும் கறுப்பு உருவங்களாகத் தெரியும். இன்னொரு நாள் விடிய வடமராட்சி கிழக்கு மணற்காட்டுக்குப் போகலாம். சவுக்கு மரங்களுக்கு அப்பால் மணல்மேடுகள், மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய தேவாலயச் சுவர்கள். காற்று மணலில் போட்ட வரிகள் காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் தெரியும். எட்டரைக்குப் பிறகு அது வெறும் வெள்ளை மணல்தான்.

அப்புறம் நெடுந்தீவு. எல்லோரும் இதை ஒரு பகல் பயணமாகச் செய்கிறார்கள். குறிகட்டுவானில் படகு ஏறி ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் இறங்கினால் உச்சி வெயில். ஓட்டோவில் ஒரு சுற்று சுற்றி, பெருக்கமரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, கோட்டை இடிபாடு என்று பார்த்துவிட்டுப் பிற்பகல் படகில் திரும்பிவிடுகிறார்கள். கண்ணுக்கு அது போதும், கமராவுக்குப் போதாது. தீவில் சில சிறிய விடுதிகள் இருக்கின்றன. முன்கூட்டியே தொலைபேசியில் பேசி ஓர் இரவாவது தங்குங்கள். கடைசிப் படகு போன பிறகுதான் தீவு தன் பாட்டுக்கு வரும்.

அங்கே வீட்டு வேலியும் தோட்ட வேலியும் பவளக்கல்லால் ஆனவை. சாந்து கிடையாது, கல்லின் மேல் கல்லை அடுக்கியிருப்பார்கள். நடுப்பகலில் அவை சாம்பல் சுவர்கள். காலை ஆறே முக்காலுக்கு வெயில் பக்கவாட்டில் பட்டவுடன் கல்லுக்குள் இருக்கும் பவளத்தின் நெளிவுகளும் சிறு துளைகளும் ஒவ்வொன்றாக நிழல் வாங்கி எழும்பும். ஒரு முழம் தூரத்தில் நின்று எடுத்துப் பாருங்கள், கடலுக்கு அடியில் எடுத்த படம் போலிருக்கும். நெடுந்தீவின் காட்டுக்குதிரைகளைத் தேடித் தீவின் தென்பக்கத்து வெளிக்குப் போக வேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை, மனிதர் கிட்டப் போனால் விலகி நடக்கும். துரத்தாமல் ஓரிடத்தில் குந்தியிருந்தால் மேய்ந்துகொண்டே அவையாக வரும். தையில் புல் பச்சையாக இருப்பதால் குதிரைகளும் நல்ல உடம்போடு இருக்கும். ஆவணி புரட்டாதியில் தண்ணீருக்கு அலையும் அதே குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கடல் குழம்பினால் படகு ஓடாது. நெடுந்தீவுக்குப் போன மறுநாளே கொழும்பில் விமானம் என்று திட்டம் போடாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போகும்போது வவுனியாவைச் சுற்ற வேண்டாம். சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டிப் பூநகரி வழியாகப் போகும் பாதையில் செல்லுங்கள். பாலம் 2011-இல் திறந்ததிலிருந்து இதுதான் குறுக்கு வழி. இருபக்கமும் நீரேரி, அப்புறம் வயல், அப்புறம் பற்றைக்காடு. வான் ஓட்டும் தம்பியிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்: "நிப்பாட்டச் சொன்ன இடத்திலெல்லாம் நிப்பாட்ட வேணும், அவசரமில்லை." இதைச் சொல்லாவிட்டால் அவர் உங்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நல்ல சேவை என்று நினைத்து ஓடுவார்.

மன்னாரில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியின் இருபக்கமும், அதை ஒட்டிய வங்காலைச் சரணாலயத்திலும், பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும் காலம் இது. வங்காலை 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். ஊசிவால் வாத்துகளும் கூட்டம் கூட்டமாக நிற்கும். எந்தக் குளத்தில் எத்தனை பறவை என்பது அந்த வருடத் தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது, போவதற்கு ஒரு கிழமை முன்பு விடுதிக்காரரிடமே கேட்டுவிடுங்கள். பூநாரை தூரத்தில்தான் நிற்கும். 400 மில்லிமீற்றருக்குக் குறைந்த லென்ஸ் என்றால் அது இளஞ்சிவப்புக் கோடாகத்தான் விழும். சேற்றுக்குள் இறங்கி நடக்காதீர்கள். வாகனத்துக்குள்ளேயே இருந்து கண்ணாடியைத் தாழ்த்தி எடுத்தால் பறவை பயப்படாது. பூநாரை பறப்பதற்கு முன் தண்ணீர் மேல் ஓடித்தான் எழும்பும், அதற்கு நிறையச் சக்தி செலவாகும். பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டி எழுப்புகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பொறுமையாக இருந்தால் அவையே இடம் மாறும், அப்போது எடுக்கலாம். நொடியில் 1,600-இல் ஒரு பங்கு வேகத்தில் கமராவைத் தயாராக வைத்திருங்கள்.

மன்னாரின் இரண்டாவது மாலை அரிப்பு என்ற கடலோரக் கிராமத்துக்கு. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800-களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையின் செங்கல் சுவர்கள் கடலோர மேட்டில் மிஞ்சி நிற்கின்றன. கடல் அந்த மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது. இன்னும் எத்தனை மழைக்கு நிற்குமோ தெரியாது, அதனால் சுவரில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். மேற்குப் பார்த்த இடம் என்பதால் உடைந்த சுவர்களுக்கு ஊடாகச் சூரியன் இறங்கும். பள்ளிமுனைப் பெருக்கமரமும், மன்னார் நகரத் தெருவில் சுதந்திரமாகத் திரியும் கழுதைகளும் நகரத்தோடேயே கிடைக்கும், தலைமன்னாரின் பழைய இறங்குதுறை மட்டும் எதிர்த்திசையில், தீவின் மறுமுனையில் இருக்கிறது. சிவராத்திரி நாட்களில் திருக்கேதீச்சரத்துக்கு நாடெங்குமிருந்து சனம் வரும், மன்னாரில் அறையே கிடைக்காது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

இன்னும் மூன்று நாள் கையில் இருந்தால் நுவரெலியா. ஜனவரி கடைசியிலிருந்து மலையகம் காயத் தொடங்கும். ஓட்டன் சமவெளிக்கு விடிய ஆறு மணிக்கே வாசலில் நில்லுங்கள், பத்து மணிக்குப் பிறகு அங்குள்ள உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் பெரும்பாலும் வெள்ளைப் புகார்தான் தெரியும். தடித்த சட்டை கட்டாயம், சில விடியல்களில் புல்லில் உறைபனியே படியும். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் 1921-இல் கட்டியது, அழகுதான், ஆனால் சனக்கூட்டத்துக்குள் தேனிலவு வேண்டுமா என்று யோசியுங்கள். புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. ரயிலை நம்பித் திட்டம் போடுவதற்கு முன், எந்தப் பகுதிவரை ஓடுகிறது என்று விசாரியுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு விஷயம். டொரொன்டோவின் தையில் சூரியன் நாள் முழுக்கத் தாழ்வாகவே நிற்கும், மதியம் இரண்டு மணிக்கும் மஞ்சள் வெயில் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்தால் ஏமாந்துபோவீர்கள். யாழ்ப்பாணத்தில் தையில் ஆறரை மணியளவில் உதயம். சூரியன் செங்குத்தாக ஏறும், எட்டு மணிக்கே முகத்தில் கடும் நிழல் விழத் தொடங்கிவிடும். மாலையில் ஆறு பத்தளவில் மறைந்தால் அரை மணித்தியாலத்துக்குள் நல்ல இருட்டு. ஆகவே ஐந்தரைக்கு எழும்பிப் புறப்படுங்கள், ஒன்பதுக்குத் திரும்பி வந்து சாப்பிட்டுப் படுங்கள், நாலரைக்கு மறுபடி கிளம்புங்கள். நடுப்பகல் உங்கள் இருவருக்கும் உரியது. ஒரு நாளைக்கு ஐந்து இடம் என்று ஓடாமல் ஒரே இடத்துக்கு இரண்டு தரம் போவது தேனிலவுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸ் முழுக்க ஆவி படியும். புறப்பட அரை மணித்தியாலம் முன்பே பையை வெளி விறாந்தையில் வைத்துவிடுங்கள். கனடாக்காரர் மூன்றுமுனை மாற்றுச் செருகி கொண்டுவர வேண்டும். லண்டன்காரரின் செருகி பெரும்பாலான இடங்களில் அப்படியே பொருந்தும். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்பது என் கருத்து. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, அனுமதி இருந்தாலும் வடக்கில் முகாம்கள் பல. முகாம், கடற்படைத் தளம், சோதனைச் சாவடி எதையும் கைத்தொலைபேசியால்கூட எடுக்காதீர்கள். தெற்கிலும் நடு நாட்டிலும் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஆட்களைப் படம் எடுப்பதில் நாம் மற்ற உல்லாசப் பயணிகளைவிடக் கவனமாக இருக்க வேண்டும். இந்த மண்ணில் வருடக்கணக்காக ஆட்களைப் படம் எடுத்துப் பதிந்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், வயது போனவர்களுக்குக் கமராவைக் கண்டால் இன்னும் மனம் துணுக்குறும். முதலில் கமராவைக் கீழே இறக்கிவிட்டுக் கதையுங்கள். "அம்மா, நாங்கள் இன்ன ஊர்க்காரரின் பிள்ளைகள், ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் எடுக்கவும் விட்டுத் தேத்தண்ணியும் தருவார்கள். வேண்டாம் என்றால் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு வாருங்கள். கூரை இல்லாமல் செடி முளைத்து நிற்கும் வீடுகள் அழகான பின்னணியாகத் தெரியலாம். அது யாரோ ஒரு குடும்பத்தின் வீடு. கலியாண உடுப்போடு அதற்குள் நின்று எடுக்காதீர்கள்.

இனிச் சொந்தக்காரர். நாலாம் சடங்கு முடியும்வரை வீட்டில் இருங்கள், விருந்துகளை அந்த நாட்களிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மன்னாருக்குப் போகிறோம் என்றால் மாமியும் சித்தியும் மடுமாதாவையும் திருக்கேதீச்சரத்தையும் கும்பிட ஒரே வானில் வரப் பார்ப்பார்கள். மறுப்பது கஷ்டம். திரும்பி வந்த பிறகு ஒரு நாள் அவர்களுக்காகவே கோயில் பயணம் போவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்னபடி கூட்டிக்கொண்டும் போங்கள்.

பதிவு செய்யும் ஒழுங்கு: வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் முதலில் இணையவழிப் பயண அனுமதி, அதை அரச தளத்தில் மட்டும் எடுங்கள். அடுத்தது மன்னார் அறை, ஏனென்றால் நல்ல அறைகள் குறைவு. பிறகு நெடுந்தீவு. யாழ்ப்பாணத்தில் அறை கடைசி நேரத்திலும் கிடைக்கும், பொங்கல் கிழமையைத் தவிர. வானை மட்டும் வெளிநாட்டிலிருந்து பதியாமல், ஊரில் மாமாவிடம் சொல்லி, பறவை நிற்கும் இடம் தெரிந்த ஒரு சாரதியைத் தேடச் சொல்லுங்கள்.